வாடகை வீட்டுத் திறப்பு

வாடகை வீட்டுக்காரர் என்னும் பெயரை நாம் பெற்றது எமது 38ஆவது வயதிலேதான். அதற்கு முன்னர், அப்பெயர் எமக்கும் ஒருநாள் வாய்க்கும் என்று யாரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்போம். சாய்ந்தமருதிலே பிறந்து வளர்ந்த ஆண்மகன் ஒருவன் அவ்வூரிலேயே வாடகைக்கு வீடு தேடி அலைதல் எம்மவர் வழக்கிலே பெரும்பாலும் இல்லாத சங்கதி. இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே பெண்குழந்தை பிறந்த நாளிலிருந்தே வீடு பற்றிய கவலை பெற்றோரைப் பற்றிக்கொள்ளும். இவ்வாண்டு அத்திவாரம், அடுத்த வேளாண்மை வெட்டியபின் சுவர், அதற்கடுத்த போகத்திற் கூரை என்று சிறுகச் சிறுகக் கட்டி, மணமுடிக்கும்போது அவ்வீட்டை மகளின் பெயரிலேயே எழுதிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அங்கு வந்து சேர்வான். பிறந்த வீடு தாயினுடையது. வாழும் வீடு மனைவியினுடையது. இடையிலே வாடகைக்கு இடமேது? வாடகை வீடென்பது இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர்களுக்கும் வங்கி உத்தியோகத்தர்களுக்கும், ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் அங்கு கற்பிக்க வந்தவர்களுக்கும் உரியதொன்று என்றே நாம் எண்ணியிருந்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, அவ்வெண்ணத்தையும் வீட்டையும் கடல் ஒருசேரக் கொண்டுபோயிற்று. அந்நாளைப் பற்றி இங்கு விரித்தெழுத நாம் விரும்பவில்லை. இலங்கையிலே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை என்பதை வாசகர்கள் அறிவார்கள். எம் குடும்பத்தில் நால்வரும் தப்பினோம். எம் மாமனார் இருபதாண்டு காலம் பாடுபட்டுக் கட்டிய வீட்டிலே அத்திவாரமும் குசினிச் சுவரில் ஒரு பாதியும் எஞ்சின. பாடசாலைக் கட்டடமொன்றிலே சில வாரங்கள் கழிந்தன. இதற்கிடையில், வடக்கு கிழக்குக் கரையோரத்திலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் மீளக் கட்டலாகாது என்ற அறிவித்தல் வந்தது. எமது வளவு அதற்குள்ளே அகப்பட்டது. வேறிடத்திலே காணி கிடைக்கும் என்றார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல்; நடுவிலே வீட்டோடு வீடு முட்டிக் கிடக்கும் எமதூரில் வேறிடம் என்பது எங்கே இருக்கின்றது? அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டு, வழக்கிலே சிக்குண்டு, ஆண்டுக்கணக்கிலே ஆளின்றிக் கிடந்தது பின்னர் நிகழ்ந்த கதை. வீட்டுக்கு ஆளில்லை, ஆளுக்கு வீடில்லை என்னும் அவ்விந்தையை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எமக்குச் சிரிப்பும் வருகின்றது, வேறொன்றும் வருகின்றது.

2005 பெப்ரவரியிலே, பிரதான வீதிக்கு மேற்கே ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. உரிமைக்காரர் ஒரு கைம்பெண். நாம் அவரை மாமி என்றே அழைத்தோம். அவருடைய கணவர் 1992இலே தம் இளைய மகளுக்கென்று கட்டிவைத்த வீடு அது. மாமியும் அந்த இளைய மகளும் இரண்டு வளவு தள்ளி, மூத்த மகளின் வீட்டிலே இருந்தார்கள். மகளுக்கு அப்போது வயது 17. மாதம் 3,000 ரூபாய் வாடகை, 9,000 ரூபாய் முற்பணம், தவணை ஓராண்டு. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் முத்திரை ஒட்டிய கடதாசியிலே அழகிய கையெழுத்தில் நிபந்தனைகளை எழுதினார். மாதம் 5ஆந் திகதிக்கு முன்னர் வாடகை செலுத்தல். மின்சாரக் கட்டணத்தைக் குடியிருப்பவரே கட்டல். வீட்டையோ அதன் பகுதியையோ பிறருக்குக் கொடாதிருத்தல். சொல்லாமல் இடிக்கவோ கட்டவோ செய்யாதிருத்தல். போகும்போது வீட்டைப் பெற்ற நிலையிலேயே ஒப்படைத்தல். வளவிலே நின்ற ஆறு தென்னைகளின் தேங்காய் மாமிக்கு உரியது. மாதம் 10 காய் எமக்கு. கூரை கிடைத்ததே போதும் என்றிருந்த அவ்வேளையில் நாம் ஒன்றையும் வாசியாமலே கையொப்பமிட்டோம். எம் மனைவி மட்டும், தேங்காய் பற்றிய வரியை இருமுறை வாசித்தார்.

சொந்த வீட்டிலே வாழ்ந்து பழகியவனுக்கு வாடகை வீடு கற்பிக்கும் முதற்பாடம் ஆணியடித்தலிலே தொடங்குகின்றது. நாட்காட்டியை மாட்டச் சுத்தியலை எடுத்த நாமே, ஓங்கிய கையை நிறுத்தி, இச்சுவர் யாருடையது என்று யோசித்தோம். ஆணி சிறியது, யோசனை சிறியதன்று. அடித்தோமா என்றால், அடித்தோம். அதற்குரிய கணக்கு பின்னாலே வந்தது.

இரண்டாவது பாடம் பற்றுச்சீட்டு. வாடகைப் பணத்தை மாமியின் கையிலே கொடுத்துவிட்டுத் திரும்பிய முதல் மாதமே எம் மனைவி, 'துண்டு எங்கே?' என்று கேட்டார். துண்டு கேட்டால் மாமி தம்மை நம்பவில்லை என்று மனம் நோவாரே என்று நாம் தயங்கினோம். எம் மனைவி தாமே சென்று கேட்டார். மாமிக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆதலால் இளைய மகள் தன் பள்ளிக் கொப்பி ஒன்றை எடுத்து, இன்ன மாதத்து வாடகை பெற்றோம் என்று உருண்டை எழுத்திலே எழுதி, தாயின் கையொப்பத்தை வாங்கி, பக்கத்தின் பாதியைக் கிழித்துத் தந்தாள். மறுபாதி கொப்பியிலேயே நின்றது. மாதந்தோறும் அது வழக்கமாயிற்று. மாமிக்கும் அதனால் நன்மையே விளைந்தது. ஒருமுறை, 'சித்திரை மாசக் காசி தரல்லியே மகன்' என்று அவர் ஐயுற்றபோது கொப்பியின் மறுபாதியே எமக்காகச் சாட்சி சொல்லிற்று.

மூன்றாவது பாடத்தை நாம் சற்று வெட்கத்துடன் எழுதவேண்டியிருக்கின்றது. எம் மைத்துனர் ஒருவரும் அவர் குடும்பத்தாரும் கூடாரத்திலே மழையில் நனைந்து வருந்தினார்கள். இரண்டு நாள் தங்கட்டும் என்று அழைத்து வந்தோம். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. மூன்றாம் மாதத்தில் மைத்துனர், சும்மா இருப்பது தமக்கு மனக்கஷ்டம் என்று கூறி 1,000 ரூபாயை எம் கையிலே வைத்தார். நாம் வாங்கிக்கொண்டோம். அவ்விரவு மஃரிபுக்குப் பின்னர் மாமி வந்தார். வாசலிலே நின்று கீழே பார்த்தார்.

'மகன், செருப்புக் கூடிப் பெய்த்து' என்றார்.

அவ்வளவுதான். கடிந்துரைக்கவில்லை. ஆயினும் அவ்வொரு சொல்லிலே, நாம் வாசியாது கையொப்பமிட்ட கடதாசியின் மூன்றாம் நிபந்தனை முழுவதும் அடங்கியிருந்தது. விருந்தினரை வைத்திருத்தல் வேறு. அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓர் அறையை விடுதல் வேறு. முன்னையது உறவு; பின்னையது, எமதல்லாத பொருளை நாம் வாடகைக்கு விட்டதாகும். அந்த 1,000 ரூபாய்தான் ஒன்றை மற்றொன்றாக மாற்றிற்று. மறுநாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமியிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். மழை ஓயும்வரை இருக்கட்டும் என்று அவரே கூறினார். அனுமதியை அந்தக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொன்னார் எம் மனைவி. எழுத்தின்மீது அவருக்கிருந்த பற்றை நாம் அந்நாளில் ஏளனஞ் செய்ததுண்டு.

2006 நவம்பரிலே மாமி மீண்டும் ஒரு மாலை வந்தார். இம்முறை வாசலிலே நிற்கவில்லை. உள்ளே வந்து பாயிலே அமர்ந்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். பின்னர் மெல்லச் சொன்னார்: 'ஒங்களப் போகச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல மகன். புள்ளைக்கு ஒரு இடம் சரியாகி இரிக்கி. மாப்புள வீட்டார் வீட்டப் பாக்கணுமெண்டு செல்றாங்க.'

எமக்கு மூச்சடைத்தது. கரையோரத் தடைத் தூரத்தை அதற்குள் குறைத்திருந்தார்கள். எம் பழைய வளவிலேயே கட்டலாம் என்ற நிலை வந்திருந்தது. முற்றாக இடிந்த வீட்டுக்கு அரசாங்கம் வகுத்த உதவி 250,000 ரூபாய். அதுவும் வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாகவே வரும். எம் வீட்டிலே அப்போது சுவர் இடுப்பளவு. அதற்குக் கூரை ஏறுவதற்கு ஓராண்டாவது வேண்டும். யோசித்துச் சொல்லுகிறோம் என்றோம். மாமி எழுந்து போனார். போகும்போது எம் மனைவி கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை என்பதைப் பின்னர்தான் கண்டோம்.

அவ்வாரத்திலே ஆலோசனை கூற வந்தவர்களுக்குக் குறைவில்லை. கொழும்பிலே கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் மிக உறுதியாகப் பேசினார். 'மச்சான், நீங்க எழும்பாதீங்க. சட்டம் குடியிருக்கிறவன் பக்கம். வாடகைய மாநகரசபையில கட்டிப்போட்டு இரிங்க. கோட்டுக்குப் போனா பத்து வருசம் இழுக்கும்' என்றார். கொழும்பிலே சொற்ப வாடகையிலே தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களின் கதைகளையும் சொன்னார். உண்மையைச் சொல்வதானால், அவர் பேச்சு எமக்கு இனித்தது. இரண்டு இரவுகள் அதைப் பற்றியே எண்ணிக்கொண்டு கிடந்தோம்.

மூன்றாம் நாள் கல்முனைக்குச் சென்று, முதிய சட்டத்தரணி ஒருவரைக் கண்டோம். அவர் எம் கடதாசியைக் கையிலெடுத்ததும் முதலிலே புன்னகைத்தார். 'தம்பி, கையெழுத்து அழகு. ஆனால் இது குத்தகை உறுதியாகாது' என்றார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் காணியோ வீடோ குத்தகைக்கு விடுவதானால் அது நொத்தாரிசு முன்னிலையிலே, இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். அன்றேல் அவ்வெழுத்துக்குக் குத்தகையாக வலுவில்லை. ஆயினும் மாதந்தோறும் வாடகை கொடுத்தும் வாங்கியும் வந்தமையால், நாம் மாதவாடகைக் குடியிருப்பாளர் ஆகின்றோம். மாதவாடகையை முடிக்க, ஒரு மாதத்து முன்னறிவித்தல் போதும்.

உறவினர் சொன்னவை யாவும் பொய்யா என்று கேட்டோம். பொய்யில்லை, வேறு வீட்டைப் பற்றிய உண்மை என்றார். அதை அவர் விளக்கிய முறை எமக்கு இன்றும் நினைவிலிருக்கின்றது. உலகப் போர்க் காலத்தில் கொழும்பிலே வீட்டுக்குப் பஞ்சம் வந்தபோது, வாடகையைக் கண்டபடி ஏற்றாதிருக்க 1942இலே ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன் வழியிலே 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. கடைசிச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெருங்காவல். பற்றுச்சீட்டுப் பெறும் உரிமை, முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படாமை, உரிமையாளர் வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்திலே வாடகையைக் கட்டும் வசதி எல்லாம் அதிலே உண்டு. ஆனால் அக்காவலுக்கும் விலை இருந்தது. வாடகையை நிலுவையாக விட்டவர், வீட்டைத் தம் செயலாலோ கவனக்குறைவாலோ பழுதாக்கியவர், அயலாருக்குத் தொல்லையாயிருந்தவர், சட்டவிரோதமான காரியத்துக்கு அவ்விடத்தைப் பயன்படுத்தியவர், எழுத்திலே அனுமதி பெறாமல் உபகுடி வைத்தவர் ஆகியோரை அச்சட்டமும் காக்கவில்லை. உரிமையாளருக்கோ அவர் குடும்பத்தவருக்கோ குடியிருக்க அவ்வீடு நியாயமாகத் தேவைப்படின், அதையும் நீதிமன்றம் எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது. மைத்துனரின் 1,000 ரூபாய் எம் நெஞ்சிலே குத்திற்று.

'அது இருக்கட்டும். உங்கள் வீடு எப்போது கட்டியது?' என்று கேட்டார். 1992 என்றோம். 1980இலே செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர், 1980 ஜனவரி 1க்குப் பிற்பாடு கட்டப்பட்ட வசிப்பிட வீடுகளுக்கு வாடகைச் சட்டத்தின் காவல் இல்லை என்று அவர் கூறினார். அவ்வாறாயின் எம்மை ஆளுவது எது? பழைய உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுடைய சட்டம் சாய்ந்தமருதிலே ஒரு கைம்பெண்ணின் வீட்டிலே குடியிருக்கின்றதென்றால் வியப்பன்றோ! அச்சட்டம் குடியிருப்பவரிடம் கேட்பது அதிகமில்லை. வாடகையை உரிய காலத்திற் கொடு. பொறுப்புள்ள குடும்பத் தலைவன் தன் சொந்தப் பொருளைப் பேணுவதுபோல வீட்டைப் பேணு. எதற்கென்று வாங்கினாயோ அதற்கே பயன்படுத்து. காலம் முடிந்ததும் திருப்பிக் கொடு. மறுபுறத்திலே உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் வாடகை உரிமை முறியாது, விற்பனைக்கு வாடகை முந்தியது என்பதும் அதே சட்டத்தின் கோட்பாடுதான்.

'மாமி வழக்குத் தொடுத்தால் நாம் எவ்வளவு காலம் இருக்கலாம்?' என்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டோம். வந்ததே அதற்குத்தான்.

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நீதிமன்றக் கட்டளையின்றி அவர் உங்களைக் கையைப் பிடித்து வெளியேற்ற இயலாது. பூட்டையும் மாற்ற இயலாது. மாவட்ட நீதிமன்றத்திலே வழக்கு நடக்கும், மேன்முறையீடு உண்டு, சில ஆண்டுகள் செல்லலாம். ஈற்றிலே தோற்பீர்கள், மேலதிகமாக இருந்த காலத்துக்கு நட்டஈடும் கட்டுவீர்கள். 'ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளையின் கலியாணம் நின்றிருக்கும். அதற்கு எந்தக் கோட்டிலும் நட்டஈடு இல்லை' என்றார். ஆலோசனைக்குப் பணமும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து எம் மனைவியிடம் யாவற்றையும் ஒப்புவித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கடலடிக்கு முன்னர் தம் பெயரிலே வீடு வைத்திருந்தவர் அவர். பெண்ணொருத்திக்குச் சொந்த வீட்டுத் திறப்பு என்னவென்று எமக்கு அவர் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் இடுப்பளவு சுவரைப் பார்க்கச் சென்று வெறுங்கையோடு திரும்பும் தாயும் அவரேதான். முடிவை எம்மிடமே விட்டார். அது பெருந்தன்மையா தண்டனையா என்று இன்றுவரை எமக்குத் தெளிவில்லை.

டிசம்பர் மாதத்து வாடகையைக் கொண்டுசென்றோம். மாமி வீட்டிலே இல்லை. மகள் கதவுக்குப் பின்னால் நின்றபடி பணத்தை வாங்கி, வழக்கம்போலப் பற்றுச்சீட்டை எழுதினாள். கிழித்து நீட்டும்போது, 'மாமா, இந்தக் கொப்பி முடியப் போகுது. புதிசி ஒண்டு வாங்கட்டா?' என்று கேட்டாள்.

அவள் உள்ளர்த்தத்தோடு கேட்டாளா, கொப்பி முடிகின்றதே என்று மட்டுந்தான் கேட்டாளா, நாம் அறியோம். பத்தொன்பது வயதுப் பெண். தன் வீட்டுக்குத் தானே வாடகைத் துண்டு எழுதிக்கொண்டிருந்தாள். 'வேண்டாம் மகள், இன்னும் ஒரு மாசந்தான்' என்று எம் வாய் சொல்லிற்று. சொல்லிவிட்ட பின்னரே மனம் அறிந்தது.

2007 ஜனவரி 31ஆந் திகதி வீட்டை ஒப்படைத்தோம். எம் மனைவியின் மூத்த சகோதரியின் வீட்டிலே இரண்டு அறைகளில் எட்டுப் பேராக நெருங்கி, சாமான்களை முற்றத்திலே படங்கு போட்டு மூடிவைத்து, 2008இலே எம் கூரை ஏறும்வரை வாழ்ந்தோம். அது இனிய காலமென்று எழுத மாட்டோம். 'நீங்கள்தானே திறப்பைக் கொடுத்தீர்கள்' என்ற சொல்லை அக்காலத்தில் நாம் கேளாத வாரம் குறைவு.

ஒப்படைத்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டைப் 'பெற்ற நிலையிலேயே' கொடுத்தல் என்பது எழுதுவதற்கு இலகு. இரண்டாண்டு காலம் நான்கு பேர், சில காலம் ஒன்பது பேர், புழங்கிய வீடு பெற்ற நிலையிலே எப்படி இருக்கும்? சட்டத்தரணி எமக்கு ஓர் அளவுகோல் தந்திருந்தார். காலமும் நியாயமான புழக்கமும் செய்த தேய்வுக்குக் குடியிருப்பவர் பொறுப்பாளியல்லர். கவனக்குறைவும் வேண்டுமென்றே செய்ததும் விளைத்த பழுதுக்குப் பொறுப்பாளி. சீமெந்துத் தரை மங்கியது தேய்வு; தரையிலே உலக்கை விழுந்து வெடித்தது பழுது. சுண்ணாம்பு உதிர்ந்தது தேய்வு. ஆணி பிடுங்கிய இடத்திலே சாந்து பெயர்ந்தது? இதிலே எமக்கும் எம் மனைவிக்குமே கருத்து வேறுபாடு. குசினிச் சுவரின் கரியை என்னவென்பது? விறகடுப்பு உள்ள குசினியிலே கரி பிடிப்பது இயற்கை என்று நாம் வாதித்தோம். நாம் வந்த நாளிலே சுவர் வெள்ளையாயிருந்தது என்றார் எம் மனைவி. இருவருமாகச் சேர்ந்து வீடு முழுவதற்கும் சுண்ணாம்பு பூசினோம். ஆணித் துளைகளைச் சீமெந்தினால் அடைத்தோம். கிணற்றை இறைத்தோம், கட்டி முடித்த மின்சாரப் பட்டியலை எடுத்துவைத்தோம்.

மாமி ஒவ்வோர் அறையாகப் பார்த்து வந்தார். சுண்ணாம்பைக் கண்டு கண் கலங்கினார். குளியலறையிலே நின்று, கை கழுவும் தொட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே வெடிப்பொன்று இருந்தது. எம் மகன் பந்தடித்ததால் வந்தது. முற்பணம் 9,000 ரூபாயில் 1,250 ரூபாயைக் கழித்துக்கொண்டு மிகுதியை எண்ணித் தந்தார். எமக்கு முகம் சுண்டிப் போயிற்று. இவருடைய மகளுக்காக நடுத்தெருவுக்கு இறங்கி நிற்கின்றோம், இவர் தொட்டிக்குக் கணக்குப் பார்க்கின்றாரே என்று உள்ளம் குமுறிற்று. பல நாள் அக்குமுறல் தணியவில்லை. கலியாணத்துக்கு அழைப்பு வந்தபோது, போவதா விடுவதா என்றுகூட யோசித்தோம். போனோம். அந்தத் தொட்டி மாற்றப்பட்டிருந்தது. விலை 1,250 ரூபாயிலும் கூடவே இருந்திருக்கும்.

ஆண்டுகள் சென்றன. எம் புதிய வீட்டோடு சேர்த்து, மகளுக்கென்று இரண்டு அறைகள் கட்டினோம். அவளுக்குக் காலம் வரும்வரை அவற்றை வாடகைக்கு விட எண்ணியபோது, 2018இலே, பதுளைப் பக்கத்திலிருந்து இடமாற்றம் பெற்று வந்த தமிழ் இளைஞர் ஒருவர் மனைவியும் கைக்குழந்தையுமாக வந்தார். நாம் நேரே நொத்தாரிசிடம் அழைத்துச் சென்றோம். செலவைப் பாதி பாதியாக ஏற்றோம். நிபந்தனை ஒவ்வொன்றையும் அவரை வாசிக்கச் செய்து, வாசித்தபின் வினாவியும் பார்த்தார் எம் மனைவி.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நாட்டிலே நிகழ்ந்த கொடுமையை அடுத்து, ஏப்ரல் 26ஆந் திகதி இரவு எமதூரிலேயே வெடியோசை கேட்டது. அத்தாக்குதல்களோடு தொடர்புபட்டவர்கள் சாய்ந்தமருதிலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மறைந்திருந்தார்கள். ஐயுற்றுத் தகவல் தந்தவர்கள் ஊர்மக்களே. அவ்வீட்டுக்குள்ளே குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். அன்றிரவு நாமும் எம் வாடகைக்காரரின் குடும்பமும் ஒரே அறையிலே, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கைக்குழந்தை அழாதிருக்க வேண்டுமே என்பதொன்றே எல்லோருடைய எண்ணமும்.

விடிந்த பின்னர் 'வாடகை வீடு' என்னும் சொல்லே எமதூரிலே வேறு பொருள் கொண்டுவிட்டது. யார் யாருக்கு வீடு கொடுத்திருக்கின்றோம் என்று உரிமையாளர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். வீட்டிலிருப்போரின் விபரத்தை வீட்டுத் தலைவரிடமிருந்து கோரும் அதிகாரம் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலே, 76ஆம் பிரிவிலே, நெடுங்காலமாகவே இருக்கின்றது. அது ஏட்டிலிருந்து இறங்கி எம் வாசலிலே நின்றது அப்போதுதான். அந்த இளைஞரிடம் அடையாள அட்டையின் பிரதியைக் கேட்கவேண்டும். வெடியோசைக்கு எம்மோடு ஒன்றாக நடுங்கியவரிடம், நீர் யார் என்று எப்படிக் கேட்பது? இரண்டு நாள் வாய் வரவில்லை. மாமிக்கு அன்று வாய் வராததன் காரணம் எமக்கு அப்போது விளங்கிற்று.

மூன்றாம் நாள் காலை அவரே கையிலே ஓர் உறையோடு வந்தார். 'ஐயா, நீங்க கேக்கிறதுக்கு முன்னால நானே கொண்டாந்துட்டேன்' என்றார். தம்முடையதும் மனைவியினதும் அடையாள அட்டைப் பிரதிகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இடமாற்றக் கடிதம், சொந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரின் உறுதிப் பத்திரம் யாவும் அதிலே இருந்தன. அவற்றை வாங்கிக்கொண்டபோது எம் கை நடுங்கியதை அவர் காணாதவர்போல் இருந்தார். நாமும் எம் அடையாள அட்டைப் பிரதியை அவருக்குக் கொடுத்தோம். அவர் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

அண்மையிலே சட்டம் மேலும் மாறியிருக்கின்றது. குத்தகைத் தவணை முடிந்தபின்னும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்க வழிசெய்யும் 1ஆம் இலக்கச் சட்டம் 2023இலே நிறைவேறிற்று. எம் உறவினர் சொன்ன 'பத்து வருச'க் கதையைக் குறுக்குவதற்கென்றே வந்த சட்டம் போலும். அதை வாசித்தபோது எமக்கு மகிழ்ச்சி வந்ததா என்று கேட்டால், இடுப்பளவு சுவரோடு நின்ற எவரேனும் இப்போதும் எங்கோ இருப்பாரே என்றுதான் நினைத்தோம்.

அந்த இளைஞர் 2021இலே மீண்டும் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அறைகளைக் கழுவித் துடைத்து, ஆணித் துளைகளை அடைத்து, இரண்டு திறப்புக்களையும் மேசையிலே வைத்தார். நாம் பார்வையிட்டோம். யன்னற் கண்ணாடி ஒன்றிலே கீறல் இருந்தது. குழந்தை விளையாட்டுச் சாமானை எறிந்ததாம். போகட்டும் என்று நாம் சொல்ல வாயெடுத்தோம். எம் மனைவி முற்பணத்தில் 800 ரூபாயைக் கழித்துவிட்டு மிகுதியை எண்ணத் தொடங்கினார். நாம் அவரைப் பார்த்தோம்.

'மாமி செய்தது சரிதானே' என்றார், எண்ணுவதை நிறுத்தாமலே.

இளைஞர் முகம் சுண்டவில்லை. பணத்தை வாங்கிச் சட்டைப் பையிலே வைத்துவிட்டு, 'ஐயா, கழிச்ச காசுக்கும் ஒரு துண்டு தாங்க' என்று கேட்டார். கொப்பியைக் கொண்டுவரும்படி மகளை அழைத்தோம்.